கண்ணப்பன் வேக்காடு

ஒரு மனிதன் நடுத்தெருவில் மானம் போக நிற்பதற்குப் பெரிய குற்றம் எதுவும் செய்யத் தேவையில்லை. அரைகுறைப் படிப்பும், அதை நாலு பேரிடம் காட்டும் ஆசையும் இருந்தால் போதும். என்னிடம் இரண்டும் தாராளமாக இருந்தன. ஓராண்டு லேப் டெக்னீஷியன் கோர்ஸ் படித்துவிட்டு, ஒரே ஒரு சனிக்கிழமையில், காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில், என் சொந்த அக்காவின் கல்யாணத்தை நான் நிறுத்தப் பார்த்த கதையைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு வயது இருபத்திரண்டு. திருவண்ணாமலையில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில், பின்பக்க அறையில், ஒரு மைக்ராஸ்கோப்புக்கும் ஒரு வாஷ்பேசினுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன். அந்தக் காலத்தில் மலப் பரிசோதனைக்கென்று தனி டப்பா எல்லாம் எங்கள் ஊரில் கிடையாது. தீப்பெட்டிதான். குச்சிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியில் கொஞ்சம் வைத்து, காகிதம் சுற்றி, நூல் கட்டி, மேலே பெயர் எழுதிக் கொண்டுவருவார்கள். காலை ஒன்பது மணிக்கு என் மேஜையைப் பார்த்தால் பெட்டிக்கடை என்றே நினைக்கத் தோன்றும். (ஒருமுறை மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் சிகரெட் பற்றவைக்க ஒரு பெட்டியை எடுத்துத் திறந்துவிட்டார். அவர் அதற்குப் பிறகு எங்கள் கிளினிக் பக்கம் வரவில்லை. சிகரெட்டையும் விட்டுவிட்டதாகக் கேள்வி.)

என் அக்கா மங்கைக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்தாயிற்று. இன்னும் இரண்டே வாரம். மாப்பிள்ளையின் அப்பா சோமசுந்தரம் மாமா, கோயில் பக்கத்துத் தெருவில் சைவ ஓட்டல் வைத்திருந்தார். ஓட்டலிலேயே பின்கட்டில் வீடு. மாமா சைவம் என்றால் சாதாரணச் சைவம் இல்லை. வெங்காயம், பூண்டுகூடத் தன் தட்டில் விழவிடமாட்டார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம். தினமும் விடியற்காலையில் வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு வந்துதான் அடுப்பு பற்றவைக்கச் சொல்வார். ஊர் மக்கள் அந்த ஓட்டலில் சாப்பிட்டது பாதி இட்லிக்காக, பாதி மாமாவின் நெற்றிக்காக.

எங்கள் வீடும் சைவம்தான். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பதிகம் பாடாமல் வாயில் தண்ணீர் படவிடமாட்டார். எனக்குக் கண்ணப்பன் என்று நாயனார் பெயரை வைத்தவர் அவர்தான். இந்தப் பெயர் பின்னால் என்னைப் பழிவாங்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த மாதம் மாமாவுக்கு உடம்பு சரியில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டரம்மா அவர் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் ரொம்ப கம்மியா இருக்குதுங்க. மோஷன் டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார். சம்பந்தி வீட்டுக்கு மரியாதை செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? "நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கறேன் மாமா" என்று முந்திக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை போனேன். மாமா தலையைக் குனிந்துகொண்டே ஒரு தீப்பெட்டியை நீட்டினார். "பேரு எழுதணுமாப்பா? இதுல போயி பேர எழுதி... எவனாச்சும் பாத்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

"வேணாம் மாமா. நானே கொண்டுபோறேன், நானே பாக்கறேன். எனக்குத் தெரியாதா?" என்றேன்.

இந்த 'எனக்குத் தெரியாதா' என்பதை அன்று காலை ஏற்கனவே ஒருமுறை எனக்கு நானே சொல்லியிருந்தேன். என் சட்டைப் பையில் ஏற்கனவே ஒரு தீப்பெட்டி இருந்தது. அது என்னுடையது. கொஞ்ச நாளாக எனக்கு வயிற்றைப் பிசைந்தது, எவ்வளவு தின்றாலும் பசித்தது, ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தேன். யாருக்கும் சொல்லாமல் நானே பார்த்துக்கொள்ளலாம் என்று கொண்டுவந்திருந்தேன். என் பெட்டிக்கு நான் எதற்குப் பெயர் எழுத வேண்டும்? எனக்குத் தெரியாதா?

அப்போது இரண்டு பக்கமும் பை வைத்த சட்டைதான் ஃபாஷன். மாமாவின் பெட்டி இடது பையில். என் பெட்டி வலது பையில். வழி நெடுக 'மாமா இடது, நான் வலது' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். கிளினிக் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். பிறகு ஆணியில் தொங்கிய சட்டைக்கு எதிரில் நின்று, இடது பக்கத்துப் பையில் கைவிட்டு மாமாவின் பெட்டியை எடுத்தேன்.

நீங்களும் ஒரு சட்டையை எதிரில் மாட்டிவிட்டுப் பாருங்கள். போட்டிருக்கும்போது இடது பக்கம் இருந்த பை, மாட்டிய பிறகு வலது பக்கம் இருக்கும். குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம் எனக்குத் தெரிய ஐந்து மணி நேரம் ஆனது.

பெட்டியைத் திறந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பூசணி விதை மாதிரி, வெள்ளையாக, தட்டையாக ஒரு துண்டு. நாடாப்புழுவின் துண்டு! டிரெயினிங்கில் பாட்டிலில் போட்டு வைத்த ஒன்றை ஒரே ஒருமுறை காட்டியிருக்கிறார்கள். இப்போது என் சொந்த மேஜையில், புத்தம் புதிதாக! வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்கிறேன்: எனக்கு அப்போது சந்தோஷம் தாங்கவில்லை. நாடாப்புழுவில் மாட்டுக்கறியில் வருவது ஒன்று, பன்றிக்கறியில் வருவது ஒன்று. எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அந்தத் துண்டை இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் வைத்து அழுத்தி வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே முட்டைப்பை மரக்கிளை மாதிரி பிரிந்திருக்கும். கிளை நிறைய இருந்தால் மாடு, குறைவாக இருந்தால் பன்றி. நான் எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதேதான்.

பன்றி!

அப்போதுதான் இது யார் பெட்டி என்ற நினைப்பு வந்தது. நெற்றி நிறைய விபூதி. கழுத்தில் ருத்திராட்சம். பன்றிக்கறியா? எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஊரை ஏமாற்றும் இப்படிப்பட்ட வேஷக்காரர் வீட்டிலா என் அக்கா வாழப்போகிறாள் என்று பற்களைக் கடித்தேன்.

(பன்றிக்கறி நானும் தின்றிருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் கீழ்பென்னாத்தூரில், சேகர் என்ற கூட்டாளியின் மணிலாக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில், பம்புசெட் பக்கத்தில் அடுப்புக் கூட்டி வறுத்தோம். அஞ்சரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நான் பறந்தேன். "இருடா, இன்னும் வேகல. அதுக்குள்ள இன்னாடா அவசரம்?" என்று சேகர் கத்தக் கத்த, சட்டியிலிருந்து நாலு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடினேன். அது வேறு விஷயம் என்று அன்று நினைத்தேன். நான் செய்தால் விளையாட்டு, மாமா செய்தால் வேஷம்.)

ரிப்போர்ட்டை மூடிய கவரில் வைத்து டாக்டரம்மா கையில்தான் கொடுக்க வேண்டும். அதுதான் கிளினிக்கின் சட்டம். ஆனால் அவர் ஒரு பிரசவக் கேஸுக்காகப் போயிருந்தார், மத்தியானம் கழித்துத்தான் வருவார். என்னால் அதுவரை பொறுக்க முடியவில்லை. இன்னொரு பெட்டி, அதாவது 'என் பெட்டி', பையிலேயே கிடந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

ஓட்டலில் ஏழெட்டுப் பேர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா கல்லாவில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"இன்னா கண்ணப்பா, அதுக்குள்ள பாத்துட்டியா? ஒண்ணும் பயம் இல்லையே?"

"மாமா, ஒண்ணு கேக்கணும். நீங்க வெளில எங்கனா சாப்பிடறது உண்டா?"

"ஓட்டல் வெச்சிருக்கறவன் வெளில போயி எதுக்குப்பா சாப்பிடப்போறேன்?"

"வெளியூர் போறப்ப?"

"போனா வாழைப்பழம், பாலு. ஏம்பா கேக்கற?"

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வாயில் இட்லியை அடைத்துக்கொண்டாவது நிறுத்தியிருக்கலாம். நான் சொன்னேன்: "மாமா, நீங்க மறைக்கலாம். மைக்ராஸ்கோப்பு மறைக்காது."

சமையல்கட்டிலிருந்து கமலா அத்தை வந்துவிட்டார். மாமாவின் மனைவி. கை முழுக்க மாவு. முகம் வெளுத்திருந்தது. "எதுனா பெரிய சீக்காப்பா? எதுவா இருந்தாலும் சொல்லிடு. மனசு அடிச்சிக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கேன்சர், டிபி என்று எதையோ நினைத்துப் பயந்திருக்கிறார். அவரைத் தேற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உரக்கவே சொல்லிவிட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க அத்த. நாடாப்புழு. பன்னிக்கறி தின்னா வர்றது."

தோசையைப் பிய்த்த கைகள் அப்படியே நின்றன. அதோடு விட்டேனா? இல்லை. பாடம் நடத்தினேன். பன்றி மனித மலத்தைத் தின்னும்போது புழுவின் முட்டை அதன் வயிற்றுக்குள் போகும், குஞ்சுப் புழு அதன் சதையில் அரிசி மாதிரி உறை கட்டி உட்காரும், அந்தக் கறியை வேகாமல் தின்ற மனிதனின் குடலில் அது முழம் முழமாக வளரும் என்றேன். வேறு வழியே கிடையாது என்றேன். கடைசியாக, புழு இருப்பவர் கை கழுவாமல் சமையலைத் தொட்டால், முட்டை மற்றவர் வாய்க்குப் போய், மூளையில் கட்டி கட்டி வலிப்பு வரும் என்பதையும் சொன்னேன். சொன்னதெல்லாம் சரிதான். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆள்தான் தப்பு.

ஒருவர் எழுந்து இலையை மடித்தார். பிறகு எல்லோரும் எழுந்தார்கள்.

மாமா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோபம் இல்லை அதில். "நீ படிச்ச புள்ள. மிஷின்ல தெரிஞ்சா தெரிஞ்சதுதான்" என்றார் மெதுவாக. "ஆனா நான் சாப்பிடலப்பா. அந்த மலை மேல ஆணை." கழுத்திலிருந்த ருத்திராட்சத்தைக் கழற்றிக் கல்லா மேஜையில் வைத்தார். "இது தெளியற வரைக்கும் இது என் கழுத்துல வேணாம்."

அத்தை உள்ளே போனார். மாலை டிபனுக்காக மாமா தன் கையால் கரைத்து வைத்திருந்த மாவு இரண்டு அண்டா இருந்தது. இரண்டையும் இழுத்துவந்து சாக்கடையில் சாய்த்தார். வெள்ளையாகத் தெருவில் ஓடியது. நான் அதைத் தாண்டித்தான் சைக்கிளில் ஏறினேன்.

நான் வீடு சேருவதற்கு முன்னால் சேதி சேர்ந்துவிட்டது. ஓட்டல் வாசலில் 'இன்று விடுமுறை' பலகை. சம்பந்தி வீட்டிலிருந்து அப்பாவை வரச் சொல்லி ஆள் வந்து போயிருந்தது. "இந்த அவமானத்தோட எங்க வீட்டுக்கு உங்க பொண்ண அனுப்பச் சொல்ல எங்களுக்கு வாயில்ல. வந்து பேசி முடிச்சிக்கலாம்" என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்மா அழுதாள். மாப்பிள்ளை பாவம், கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

அக்கா அழவில்லை. மங்கை அழுது நான் பார்த்ததே இல்லை. மற்றவர்களைத்தான் அழவைப்பாள்.

"எத்தன வாட்டி பாத்த?" என்றாள்.

"ரெண்டு வாட்டி எண்ணினேன்."

"கிளையக் கேக்கல. பெட்டியக் கேக்கறேன். அது அவரு பெட்டிதானா?"

"எனக்குத் தெரியாதா?" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கியது. எனக்கே ஏனென்று தெரியவில்லை. அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். அதில் இன்னொரு தீப்பெட்டி புடைத்துக்கொண்டிருந்தது.

"இது இன்னாது?"

"அது... என்து."

"போ. போயி அதையும் பாரு. பாத்துட்டு வந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசு."

கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. 'என் பெட்டி'யிலிருந்து குச்சியில் கொஞ்சம் எடுத்து, உப்புத் தண்ணீரில் கலந்து, கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நாடாப்புழுவின் அடையாளமே இல்லை. அதற்குப் பதிலாக வேறு முட்டைகள். நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டோடு, உள்ளே நாலு உருண்டை. பார்க்கும் இடமெல்லாம் அதுதான். கொக்கிப்புழு முட்டை.

கொக்கிப்புழுவா? எனக்கா?

கொக்கிப்புழு வாய் வழியாக வருவதில்லை. மலம் கலந்த ஈர மண்ணில் முட்டை பொரிந்து, நூலைவிட மெல்லிய குஞ்சுப் புழு காத்திருக்கும். வெறுங்கால் வைத்தால் பாதத்துத் தோலைத் துளைத்து உள்ளே ஏறும். ரத்தத்தில் போய், நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக விழுங்கப்பட்டுக் குடலில் கொக்கி மாட்டி உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். செருப்பு. நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து செருப்பில்லாமல் வாசல் தாண்டியதில்லை. கொல்லைப்புறத்துக்கும் செருப்போடு போவதாக அம்மாவிடம் தினம் திட்டு வாங்குகிறவன். என் காலில் கொக்கிப்புழு எப்படி ஏறும்?

வெறுங்காலோடு யார் நடப்பார்? விடியற்காலையில் தார் ரோடு குத்துகிறதென்று, ஓரத்து ஈர மண்ணில் இறங்கி, ஊரார் சொம்போடு ஒதுங்கும் புதர்ப் பக்கமாக, தினம் தினம் மலையைச் சுற்றுவது யார்? படி ஏறினால் மூச்சு வாங்குவது, ரத்தம் குறைந்து இமை வெளுத்திருப்பது யாருக்கு?

பன்றிக்கறி தின்றது யார்?

நான் தலையைத் தூக்கினேன். கோட்டு போடுவதற்காகக் கழற்றிய சட்டை எதிரில் ஆணியில் தொங்கியது. இடது பை வலது பக்கத்தில் இருந்தது.

வாஷ்பேசினில் எத்தனை முறை கை கழுவினேன் என்று நினைவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்தபோது கழுவிக்கொண்டேதான் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரிப்போர்ட் யார் கையில குடுக்கணும்?" என்றார்.

"உங்க கையில மேடம்."

"யாருகிட்டக் குடுத்த?"

"டிபன் சாப்பிட்டுட்டிருந்தவங்க எல்லார்கிட்டயும் மேடம்."

"அந்த முட்டை காலி எடமா பாத்து மண்டையிலதான் போயி உக்காரும். உனக்கு நெறைய எடம் இருக்குது, ஜாக்கிரத" என்றார். "நாளைக்குக் காலைல இன்னொரு பெட்டி கொண்டா. பேர் எழுதிக் கொண்டா. இப்ப எழுந்திரு. நான் வந்து சொல்ல மாட்டேன். நீயே போயி சொல்லு."

அக்காவும் என்னோடு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண், மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் வழக்கமே கிடையாது. அம்மா தடுத்ததற்கு, "அங்க போனா இவன் வாய் தொறக்க மாட்டான். தொறக்க வைக்க ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டாள்.

ஓட்டல் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். குனிந்து உள்ளே போனோம். ஒரு மேஜையில் அப்பாவும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாம்பாளத்தில் நிச்சயதார்த்தப் புடவை. அவர்கள் அக்காவுக்கு எடுத்துக் கொடுத்தது, திருப்பிக் கொடுக்க அப்பா கொண்டுவந்திருந்தார். அத்தை சுவரோரம் நின்றார். ருத்திராட்சம் கல்லா மேஜையில் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

நான் ஷட்டர் பக்கமே நின்றேன். அக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"மாமா, அது உங்க பெட்டி இல்ல. என் பெட்டி."

யாருக்கும் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். இரண்டு பை, ஆணி, சட்டை, எல்லாம் சொன்னேன். மாமாவுக்கு இருப்பது கொக்கிப்புழு, மலை சுற்றிய மண்ணில் ஏறியது, மாத்திரையில் போய்விடும் என்றேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப பன்னிக்கறி?"

"நான்தாம்பா. கீழ்பென்னாத்தூர்ல. ஒரு வாட்டிதான்."

பெல்ட்டோ செருப்போ பறக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது மாமா எழுந்து என் எதிரில் நின்றார். ஒரு பகல் முழுக்கப் பட்டினி கிடந்த முகம். அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"வெந்திருந்துதா?"

"இன்னாங்க மாமா?"

"கறி. வெந்திருந்துதா?"

"வேகல மாமா. பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு..."

முப்பது வருஷம் அடுப்போடு கிடந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். "தின்னதுகூட போவட்டும்டா. வேகாதத தின்னியா? அந்தக் கண்ணப்ப நாயனாரு பன்னிக்கறிய சாமிக்கே படைச்சாரு. ஆனா வெந்துதா இல்லியான்னு வாயில வெச்சிப் பாத்துட்டுதான் படைச்சாரு. அவரு பேர வெச்சிக்கினு, அதுல பாதி பொறும உனக்கு இருந்திருக்கக் கூடாதா?"

முதலில் சிரித்தது என் அப்பா. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் அத்தை. மாமா கல்லாவுக்குப் போய் ருத்திராட்சத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "மன்னிச்சிடுங்க மாமா" என்று காலில் விழுந்தேன். "காலத் தொடாதடா, கொக்கிப்புழு இருக்குது" என்றார்.

அக்கா தாம்பாளத்திலிருந்த புடவையை எடுத்து அத்தை கையில் கொடுத்தாள். "இத உள்ள வெச்சிடுங்க அத்த, இங்க வந்து கட்டிக்கறேன். மடிப்பு கலையுது" என்றாள்.

மறுநாள், பெயர் எழுதிய பெட்டியில் என் புழு உறுதியானது. மாத்திரையை மென்று விழுங்கி, பேதிக்குக் குடித்து, என் குடலிலிருந்த வாடகைக்காரரைக் காலி செய்தேன். மாமாவும் மருந்து சாப்பிட்டார். டாக்டரம்மா எவ்வளவு சொல்லியும் மலை சுற்றும்போது மட்டும் செருப்பு போட மறுத்துவிட்டார். "மண்ணுல எறங்காம தார் ரோட்லயே போறேன், போதுமா?" என்று சமாதானம் செய்துகொண்டார். ஓட்டலில் அன்று இலையை மடித்துவிட்டுப் போன ஏழெட்டுப் பேர் வீட்டுக்கும் நானே நடந்து போய், அது என் புழு என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். ஆறாவது வீட்டில், விஷயம் அதற்குள் தெரிந்திருந்ததால், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்துவிட்டார்கள். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பந்தியில் என் இலைக்கு மட்டும் மாமாவே வந்து பரிமாறினார். "கண்ணப்பனுக்கு இன்னும் அஞ்சி நிமிஷம் வேக வெச்சிக் கொண்டாங்கப்பா" என்று கூட்டத்தில் கத்தினார். வேகவைக்கச் சொன்னது பாயசத்தை.

மாமா இப்போது இல்லை. ஓட்டலை அக்காவும் அத்தானும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். போன மாதம் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த சமையல் மாஸ்டர் ஒருவர் அடுப்புப் பக்கம் திரும்பி, "கெழங்குக்குக் கண்ணப்பன் வேக்காடு குடுத்துடுங்க" என்று குரல் கொடுத்தார். அந்த ஓட்டலில் நன்றாக, மசிய, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வேக வேண்டியதற்கெல்லாம் நாற்பது வருஷத்துக்கும் மேலாக அதுதான் பெயர். நான் தெரியாதவன் மாதிரி, "அது இன்னாங்க கண்ணப்பன் வேக்காடு?" என்று கேட்டேன்.

"நாயனாரு சாமிக்குக் கறி வேக வெச்சாரு இல்லீங்களா, அதுங்க" என்றார் பக்தியோடு.

நான் நிம்மதியாகத் தலையாட்டினேன். கல்லாவிலிருந்து அக்கா நிமிர்ந்தாள். எழுபது வயதாகியும் அந்தக் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

"நாயனாரு இல்ல மாஸ்டர். இதோ மூணாவது டேபிள்ல தோச துன்னுக்கினு இருக்கான் பாருங்க, அவன்தான்."